சிட்டுவின் இடது கை

இன்று காலை சிட்டு திரும்பி வந்துவிட்டாள். கூடவே ஒரு குறிப்பு: இடது கை காதுக்கு மேல் ஏறவில்லை, சரிசெய்து அனுப்பவும். நேற்று அடித்த மழையில் இந்த மலை மேல் செம்மேட்டுக்கே நெட் தெளிந்துவிட்டதுபோல. கோப்பு மளமளவென்று இறங்கிவிட்டது. வழக்கம்போல் மதியம் வரை இழுத்திருந்தால் அதற்குள் ஏதாவது சாக்குக் கிடைத்திருக்கும்.

திறந்தேன். அதே மஞ்சள் கோட்டு, அதே இரட்டைச் சடை, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றாள். கார்ட்டூன் பொம்மைதானே, நீ ஆட்டாத நேரத்தில் எப்போதும் அப்படித்தான். ‘துணி காயப்போட்டாப்புல நிக்கறா பாரு’ என்பாய். வலது கையைப் பிடித்து இழுத்தேன், தலைக்கு மேல் போயிற்று. இடதை இழுத்தேன். காது வரை வந்தது, நின்றுகொண்டது. நான் வைத்த தடை அது, எனக்குத் தெரியாதா? இருந்தாலும் இன்னும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

மேலாளர் போன் செய்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, திட்டும்போதுகூட ‘ங்க’ போடுகிற மனுஷன். “ஏனுங்க, சிட்டு வந்துட்டாளுங்களா? புதுக் காட்சியில அவ அப்பா ஊருக்குத் திரும்பி வாராருங்க. புள்ள ரெண்டு கையும் மேல நீட்டி, என்னையத் தூக்குங்கன்னு நிக்கோணும். இடது கை வரமாட்டேங்குதுன்னு புது அனிமேட்டர் சொல்றாருங்க. வலதுல இருக்கறத அப்படியே மிரர் பண்ணீருங்க. முடிஞ்சுது வேலை.”

“சரிங்க” என்றேன்.

“சாயங்காலத்துக்குள்ள தந்தீங்கன்னா நல்லாருக்குமுங்க.”

அதற்கும் சரிங்க என்றேன்.

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு பொத்தான்தான். அழுத்தினால் வலது தோளில் பூசியிருப்பதெல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடதுக்கு வந்துவிடும். இடதில் இப்போது இருப்பது அழிந்துவிடும். இடதில் இருப்பது உன் தோள். அழுத்தவா வேண்டாமா என்று உன்னைக் கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ பதில் சொல்லமாட்டாய் என்பது தெரிந்த கதைதான். வேறு யாரிடம் கேட்பது? விஷயத்தை யாருக்குச் சொன்னாலும் முதலில் தோள் என்றால் என்ன, பூசுவது என்றால் என்ன என்று ஆரம்பிக்க வேண்டும்.

என் வேலையை என்னைவிட நீதான் நன்றாகச் சொல்வாய். முதல்முறை கீழே உன் ஊருக்கு வந்தபோது உன் அம்மா என்னைக் காட்டிக் கேட்டார், “நீ பொம்மைய ஆட்டறே, சரி. இந்தக் கண்ணு என்ன பண்ணுது?” மரவள்ளிக் காட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். நீ சட்டென்று இறங்கி ஒரு குச்சிக்கிழங்குச் செடியை அடியோடு பிடித்து மெல்ல மேலே இழுத்தாய். சுற்றிலும் மண் வெடித்து எழும்பியது.

“பாத்தயாம்மா? குச்சிய இழுத்தா ஒட்டியிருக்கற மண்ணு கூடவே எந்திரிக்குது. சித்த அக்கட்ட இருக்கறது பாதி எந்திரிக்குது. அதுக்கும் அக்கட்ட சும்மா கெடக்குது. குச்சிதான் எலும்பு, மண்ணுதான் தோலு. எந்த எடம் எவ்வளவு எந்திரிக்கோணும்னு இவ சாயம் பூசி வெக்கறா.”

“இதுக்குக் காலேஜு வேற படிக்கோணுமாக்கும்” என்று அம்மா செடியைப் பறித்துத் திரும்ப ஊன்றப் பார்த்தார். கிழங்கு அதற்குள் வெளியே வந்துவிட்டது. ராத்திரி அதைத்தான் வேகவைத்துத் தின்றோம்.

அதற்கு மேல் இந்தத் தொழிலில் விளக்க ஒன்றும் இல்லை. எலும்போடு முழுக்கப் போகிற தோலுக்குச் சிவப்பு, அசையாததற்கு நீலம், நடுவே மஞ்சளும் பச்சையும். பொம்மைக்கு எலும்பு வைத்து, சாயம் பூசி, இழுப்பதற்குப் பிடிகள் மாட்டி நான் தருவேன். நீ அந்தப் பிடிகளை இழுத்து இழுத்து அதற்கு உயிர் கொடுப்பாய். எனக்குக் கிடைத்த பெயர் ரிக்கர், உனக்குக் கிடைத்தது அனிமேட்டர். கோயமுத்தூர் ஆபீஸில் எல்லாரும் உன் பெயரைத்தான் சொல்வார்கள். பூசினவளை எவன் பார்க்கிறான்?

வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஆபீஸ் நம்மை அனுப்பியபோது நான் செம்மேட்டுக்கு வந்து அறை எடுத்தேன். அப்பா அம்மா இருக்கிற திண்ணனூர் நாட்டுக் காட்டில் நெட் எட்டாது. உனக்குக் கீழே வேறு தொல்லை. சித்திரை வெயிலில் உன் கம்ப்யூட்டர் மதியமானால் தானாக அணைந்துவிடும். “மலைக்காரி, உங்கூருல எனக்கொரு ரூம் பாரு புள்ள” என்றாய். பக்கத்து அறை காலியாகத்தான் கிடந்தது. வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கி நீ பேசிய முதல் பேச்சு, “இந்த மலைய எவன்டி இத்தன ஒசரத்துல கொண்டாந்து வெச்சான்?”

உன்னோடு வேலை செய்வது லேசுப்பட்ட காரியமா? எந்த அசைவையும் முதலில் நீ நடித்துப் பார்க்க வேண்டும், அதை நான் போனில் பிடிக்க வேண்டும். பிறகு அந்த வீடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிட்டுவை ஆட்டுவாய். வாசலில் வீட்டுக்காரர் படுதா விரித்து மிளகு காயப்போட்டிருப்பார். அதைச் சுற்றி நீ தவளை பிடிப்பாய், பலாப்பழம் தூக்குவாய், பேய்க்குப் பயந்து ஓடுவாய். ஒரு தரம் ரோட்டில் போன பெரியவர் நின்று, “ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு என்னங்க ஆச்சு?” என்று என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ, “சாமி வந்திருக்குதுங்க, தூரமாப் போயிருங்க” என்றாய். அவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். அன்றெல்லாம் நாம் சிரித்த சிரிப்புக்கு அளவில்லை.

பொம்மை சரியாக ஆடாவிட்டால் என் பூச்சைக் குறை சொல்வாய். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்பேன் நான். “கூடங்கட்டுனவளே, எங்க, நீ ஆடிக் காட்டு பாக்கலாம்” என்பாய். எனக்கு வெட்கம். போனுக்குப் பின்னால் நிற்கிறவள் நான். ஒரு நாளும் ஆடிக் காட்டியதில்லை.

அப்புறம் உனக்கு மாரில் கட்டி வந்தது. சேலத்தில் இடது பக்கத்தை எடுத்தார்கள். அதைப் பற்றி நீயும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை, இப்போதும் எழுத ஒன்றும் வரவில்லை. புண் ஆறியதும் அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்காமல் மேலே ஏறி வந்துவிட்டாய். “கீழ இருந்தா வாரவங்க போறவங்கெல்லாம் என்ற மொகத்தப் பாக்கறதில்ல புள்ள. கழுத்துக்குக் கீழதான் பாக்கறாங்க” என்றாய். இங்கே வந்தபின் பல் தேய்த்தாய், டீ போட்டாய், வேலை செய்தாய். இடது கை மட்டும் தோளுக்கு மேல் ஏறவில்லை.

கையைச் சுவரில் வைத்து விரல்களால் எறும்பு மாதிரி மேலே ஏற்ற ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். தினமும் காலையில் உன் அறைச் சுவரோரம் நின்று ஏற்றுவாய். ஏறிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. மறுநாள் அதற்கு மேல் ஒரு விரற்கடை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏறுதுடி, ஏறுது” என்பாய். காது மட்டம் வந்தது. அங்கே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து தடித்துப்போயின. “இந்தக் காதத் தாண்டறதுக்குள்ள எனக்குக் கெழவி வயசாயிரும்போல” என்று சிரித்தாய். கிழவி ஆகவேண்டும் என்றுதான் அன்று உன் நினைப்பு.

அந்த சமயத்தில்தான் கதையில் சிட்டு குளிர்நாட்டுக்குப் போனாள், அவளுக்குக் கோட்டு வந்தது. உடுப்பு மாறினால் பூச்சும் புதிதாகப் பூச வேண்டும். தொழிலில் எல்லாரும் செய்கிற வழி உனக்குத் தெரியும்: ஒரு பக்கம் பூசு, மிரர் பண்ணு, இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். நான் வலது தோளை நீ இங்கே வந்த முதல் வருடம் நடித்த பழைய வீடியோவைப் பார்த்துப் பூசினேன். படுதாவுக்கு அந்தப் பக்கம் நின்று இல்லாத மாம்பழத்தை எட்டிப் பறிப்பாயே, அது. பூசி முடித்து மிரர் பண்ணப் போகும் நேரத்தில் நீ புதிதாக நடித்த வீடியோ வந்தது. அதில் இடது கையைத் தூக்கும்போது உன் தோள் முழுக்கக் காதை நோக்கி ஏறுகிறது. கழுத்தோரம் தோல் மேலே போகிறது. தலை இடது பக்கம் சாய்ந்து கையை எதிர்கொண்டு வருகிறது. கை தலைக்குப் போகவில்லை, தலை கைக்கு வருகிறது. அதைப் பார்த்தபின் என்னால் மிரர் பண்ண முடியவில்லை. இடது தோளைத் தனியாக, கையாலேயே பூசினேன். கழுத்தில் கொஞ்சம் மஞ்சள், முதுகில் கொஞ்சம் பச்சை. காதுக்கு மேல் போகாதபடி ஒரு தடையும் வைத்தேன். நீ பிடியை இழுத்துக்கொண்டே போய், உனக்கு ஏறாத இடத்துக்குப் பொம்மையின் கை ஏறுவதை உட்கார்ந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். வேறொன்றும் இல்லை.

உனக்குத் தெரிய அரை நாள்கூட ஆகவில்லை.

“ஏம்புள்ள, இடது கை எதுக்கு இங்கயே நிக்குது?”

“அதுக்கு மேல போனா அக்குள்ல தோலு மடங்கி ஒடையுது.”

“வலதுல ஒடையலையே?”

நான் கீபோர்டில் தூசு தட்டினேன்.

“நோவு எனக்கு வந்திருக்குது. பொம்மைக்கு என்னடி நோவு? பாவம் பாக்கறயா? தலைவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும், போ.” கதவை அறைந்து சாத்திக்கொண்டாய். சாயங்காலம் இரண்டு டம்ளர் டீயோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். “கழுத்தோரம் நல்லாத்தான் பூசியிருக்கறே. என்னையாட்டமே இருக்கறா கழுதை” என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, “சரி, இருக்கட்டும். என்ற கை ஏறட்டும். அன்னிக்கே இவளுக்கும் ஏத்திரு. அதுக்கு முன்னால ஏத்துனே, உங்கூடப் பேசமாட்டேன் பாத்துக்க.”

சத்தியம் எல்லாம் இல்லை. டீ குடித்துக்கொண்டே சொன்னதுதான். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு சிட்டு எதையும் வலது கையால் எடுத்து இடது கைக்கு மாற்றினாள். மேலே இருப்பது வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏறினாள். இடது கையைத் தூக்கவேண்டிய இடமெல்லாம் வேறு வழி கண்டுபிடித்தாய். யாரும் கவனிக்கவில்லை, எந்தக் குழந்தையும் கேட்கவில்லை. சுவரில் கோடு மட்டும் காதைத் தாண்டவில்லை. பிறகு கோடு போடுவதை நிறுத்திவிட்டாய். பிறகு சேலம். பிறகு இருமல். பிறகு மேலே வரவே இல்லை.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது நான் அழவில்லை. தூக்கியவர்களின் தோளில் சட்டை எங்கே மடிகிறது, பாரம் இறங்கினதும் கழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சாப்பிடச் சொன்னார்கள், சாப்பிட்டேன். ரசம் இன்னொரு தரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். உன் அம்மா என் கன்னத்தைத் தொட்டு, “அழுதுரு சாமி, உள்ள வெச்சுக்காத” என்றார். சரிங்கம்மா என்றேன். வரவில்லை, என்ன செய்ய? கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அதுமாதிரி நானும் உன்னை நினைத்து நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் மேலே வந்து, பாதியில் விட்டிருந்த ஒரு மாட்டுக்கு வால் பூசினேன். இந்த வருடத்து மிளகும் பறித்து முடித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மதியம் ஆகிவிட்டது. சோறாக்கவில்லை. சிட்டு திரையில் துணி காயப்போட்ட மாதிரியே நிற்கிறாள்.

இவ்வளவும் எழுதியதில் ஒன்று தெரிந்தது. வலது தோளும் நீதான். கட்டி வருவதற்கு முன்னால் மாம்பழம் பறித்த நீ. மிரர் பண்ணினால் நீ போய்விடமாட்டாய், அந்த நீ இரண்டு பக்கமும் வருவாய். நல்லதுதானே? நீயும் தினம் சுவரோரம் நின்று அதைத்தானே கேட்டாய்? ஆனால் எனக்கு மாம்பழக்காரியை அவ்வளவாகத் தெரியாது. அவள் எல்லாரோடும் சிரித்தவள். தலையைச் சாய்த்துக் கையை எதிர்கொண்டவள்தான் எனக்குப் பழக்கம், அவளுக்குத்தான் நான் ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன். அவளை அழிக்கத்தான் எனக்கு மனம் வரவில்லை. நோவோடு இருந்த உன்னை அப்படியே வைத்திருக்க ஆசைப்படுகிறேன் என்றால் அது எவ்வளவு கெட்ட ஆசை! உனக்குத் தெரிந்தால் காறித் துப்புவாய்.

முன்னால் ஏற்றினால் பேசமாட்டேன் என்றாய். ஏற்றாமல்தான் இத்தனை நாள் வைத்திருந்தேன். நீ பேசினாயா?

அழுத்திவிட்டேன்.

தடையையும் எடுத்தேன். இழுத்தேன். இடது கை காதைத் தாண்டிப் போயிற்று. நிற்கவே இல்லை. தலைக்கு மேல் நேராக, வலதுக்குச் சமமாக ஏறிவிட்டது. அக்குள் உடையவில்லை, கழுத்து அசையவில்லை. அருமையாக இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு அத்தனை மாதம் ஏறாத கை அவளுக்கு ஒரு நொடியில் ஏறியதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. அந்த ஆத்திரமும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

அனுப்புவதற்கு முன்னால் உடம்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அது நம் வழக்கம். தூக்குங்கன்னு நிற்கிற குழந்தையின் தோள் எப்படிப் போகும் என்று பார்க்க வீடியோ வேண்டும். நடிக்க ஆள் இல்லை. செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு வாசலில் நான் போய் நின்றேன். ரோட்டில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டேன். ஊருக்குப் போன அப்பா வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே நீட்டினேன். வெட்கமாகத்தான் இருந்தது. நன்றாக நீட்டியதாகத்தான் நினைத்தேன்.

போட்டுப் பார்த்தேன். வலது கை மேலே போகிறது. இடது கை காது மட்டத்தில் நிற்கிறது. தோள் ஏறுகிறது, கழுத்தோரம் தோல் மேலே போகிறது, தலை இடது பக்கம் சாய்ந்து கையிடம் வருகிறது.

ஏதோ அவசரத்தில் அப்படி ஆகிவிட்டது என்று இன்னொரு தரம் எடுத்தேன். அதே. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். அதே. எனக்கு என்ன கட்டியா, தழும்பா? வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தேன். வலிக்காமல் முழுக்கப் போயிற்று. விட்டேன், காதுக்கு வந்து நின்றுகொண்டது. பிறகுதான் விளங்கியது. சுவரோரம் நீ விரலை ஏற்றும்போதெல்லாம் துணைக்கு நானும் பக்கத்தில் நின்று ஏற்றுவேன். நீ நிற்கிற இடத்தில் நானும் நிறுத்திக்கொள்வேன். உன்னைத் தாண்டி என் கை போய்விடக் கூடாது என்று அவ்வளவு கவனமாக இருந்தேன். கோடு போடுவதை நீ நிறுத்திவிட்டாய், என் கைக்கு யாரும் சொல்லவில்லை. பஸ்ஸில் மேல்கம்பியை நான் வலது கையால் மட்டும்தான் பிடிக்கிறேன். கொடியில் துணி போடும்போதும் அப்படித்தான். இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்தேன். இப்போதாவது அழுகை வரும் என்று காத்திருந்தேன். கண் எரிந்தது, அவ்வளவுதான்.

கோப்பை அனுப்பினேன். மேலாளர் உடனே கூப்பிட்டார். “வந்துருச்சுங்க, அருமையா இருக்குதுங்க. ரெண்டு கையும் ஒண்ணுபோல ஏறுதுங்க. உங்களுக்கு ஒண்ணும் சிரமமில்லையேங்க?”

“இல்லீங்க” என்றேன்.

நாளையிலிருந்து யார் இழுத்தாலும் சிட்டு இரண்டு கைகளையும் தூக்குவாள். பழைய கோப்பு எங்காவது கிடக்கும், யாரும் திறக்கப்போவதில்லை. உன் இடது தோள் இனி எந்தக் காட்சியிலும் வராது. அது என்னிடம் இருக்கிறது. சுவரில் விரலை வைத்துத் தினம் ஒரு விரற்கடை ஏற்றினால் எனக்குச் சரியாகிவிடும், ஒரு வாரம்கூட ஆகாது. ஏற்றப்போவதில்லை.